ஒன்பது பேரும் ஒன்றாக விழுந்த வருடம்

சூசைமாணிக்கம் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிணற்றுக்குள் வேலையாக இருந்தேன். பம்புசெட்டின் அடிக்குழாயில் ஓர் இணைப்பு விட்டுப்போயிருந்தது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அதை முறுக்கிக்கொண்டிருந்தேன். தோட்டக்காரர் மேலே இருந்து எட்டிப் பார்த்தார்.

"பாண்டி, செத்த மேல வாய்யா."

"ரெண்டு போல்ட்டுதான் பாக்கி. முடிச்சுட்டு வாரேன்ணே."

"போல்ட்டு கெடக்கட்டும். ஒட்டன்சத்திரத்துல இருந்து போன் வந்துச்சு. நம்ம சூசை போயிட்டாராம்."

காய்கறி மார்க்கெட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றிவிட்டு, முட்டைக்கோஸ் மூட்டை ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். களைப்பில் தூங்குகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். அடுத்த லாரி வந்ததும் எழுப்பியிருக்கிறார்கள். அவர் எழவில்லை.

அவரை அறியாதவர்கள் இந்தச் செய்தியைக் கேட்டால் ஒரு சுமைதூக்கும் தொழிலாளி இறந்துவிட்டார் என்று நினைப்பார்கள். அவர் சுமைதூக்கி இல்லை. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் அவரைப் போல ஒரு மோட்டார் மெக்கானிக் இருந்ததில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்ல வேண்டியது வேறொன்றும் உண்டு. அதை இன்றுவரை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவரைச் சந்தித்தேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. பம்புசெட் மெக்கானிக்குகள் காலையில் அங்கே வந்து உட்கார்ந்திருப்போம். எங்களுக்குக் கடை கிடையாது, முதலாளி கிடையாது, மாதச் சம்பளமும் கிடையாது. மோட்டார் நின்றுபோன விவசாயி பஸ் ஏறி வந்து எங்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார். கூப்பிட ஆள் வராத நாளில் மத்தியானம் வரை இருந்துவிட்டு வீட்டுக்குப் போவோம்.

சூசை அண்ணனைத் தேடித்தான் நிறையப் பேர் வருவார்கள். தோட்டத்துக்குப் போனதும் அவர் மோட்டாரைத் தொடமாட்டார். முதலில் அந்த வீட்டுப் பெண்களிடம் கேட்பார்: "நிக்கிறதுக்கு முன்னாடி என்ன சத்தம்த்தா கேட்டுச்சு?" தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் அவர்கள்தான், அவர்களுக்குத்தான் மோட்டாரின் குரல் தெரியும் என்பார். அவர்கள் சொல்லும் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

மழை நன்றாகப் பெய்த வருடங்களில் ஐப்பசி, கார்த்திகை எங்களுக்குப் பட்டினி மாதங்கள். தோட்டத்தில் மோட்டார் ஓடாது. ஓடாத மோட்டார் பழுதாகாது. கல்யாணமான புதிதில் அப்படி ஒரு கார்த்திகையில் தினவட்டிக்காரரிடம் கடன் வாங்கிவிட்டு, அவர் வரும் தெருவைத் தவிர்த்து நடந்துகொண்டிருந்தேன். சூசை அண்ணன் அதைக் கவனித்துவிட்டார். டீயை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்:

"வேலை இல்லாத நாளும் நம்ம தொழில்ல ஒரு பகுதிதான் பாண்டி. அந்த நாளுக்கான சோத்தையும் வேலை இருக்கிற நாள்லயே சம்பாதிச்சுரணும். கூலி சொல்றப்ப அதையும் சேத்துச் சொல்லு. கூச்சப்படாதே."

அந்த வருடம்தான் தன்னையும் சேர்த்து டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரையும் வைத்து அவர் ஒரு சேமிப்பைத் தொடங்கினார். ஒவ்வொரு வேலைக்கும் கிடைத்த கூலியில் ஒரு பங்கு தபால் ஆபீஸுக்குப் போகும். வேலை கிடைக்காதவர் கேட்டால் அதிலிருந்து கொடுக்க வேண்டும். யார் கேட்டாலும் எதற்கு என்று கேட்கக் கூடாது. இதில் மட்டும் அவர் மிகவும் கறாராக இருந்தார்.

"காரணம் கேட்டோம்னா அடுத்த தடவை நம்மகிட்ட வரமாட்டான். வட்டிக்காரன்கிட்டப் போயிருவான்" என்பார்.

இன்னொன்றும் சொல்வார். தொழில் சாமானை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. "நகை போனா வாங்கிக்கலாம். சாமான் போச்சுன்னா, வேலை வந்து வாசல்ல நின்னாலும் நாம போக முடியாது."

ஏழெட்டு வருடங்கள் அந்தச் சேமிப்பு எங்களைக் காப்பாற்றியது. எங்களில் ஒருவர் வத்தலக்குண்டுப் பக்கம் கிணற்றில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆறு மாதம் படுத்திருந்தார். அந்த ஆறு மாதமும் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. எங்களில் யாரும் வட்டிக்காரருக்குப் பயந்து தெரு மாறி நடக்கவில்லை. இனி எது வந்தாலும் சமாளிக்கலாம் என்று நாங்கள் நம்பிவிட்டோம்.

அதன் பிறகு மழை பொய்த்தது.

முதல் வருடம் எங்களுக்குக் கொண்டாட்டமாக இருந்தது என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டும். தண்ணீர் கீழே இறங்க இறங்க, மோட்டாரையும் இறக்க வேண்டும். குழாயை நீட்ட வேண்டும். ஒரே நாளில் மூன்று ஊர்களில் கூப்பிட்டார்கள். எல்லோர் கையிலும் காசு புழங்கியது. அண்ணன் முகம் மட்டும் சரியாக இல்லை.

"ஏண்ணே இப்படி இருக்கீங்க? இம்புட்டு வேலை என்னிக்கு வந்துச்சு?" என்று கேட்டேன்.

"நாம இப்பச் செய்றது கடைசி வேலை பாண்டி. இதுக்குக் கீழ இறக்குறதுக்குத் தண்ணி இல்ல."

எல்லோரையும் இரண்டு பங்கு போடச் சொன்னார். முணுமுணுத்துக்கொண்டே போட்டோம்.

அடுத்த வருடம் அவர் சொன்னபடியே ஆயிற்று. ஆத்தூர்ப் பக்கம் தென்னைகள் தலை காய்ந்து நின்றன. கிணறுகளில் பாறை தெரிந்தது. விவசாயிகள் மோட்டாரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட ஆரம்பித்தார்கள். கழற்றவும் எங்களைத்தான் கூப்பிட்டார்கள். அவரே மாட்டிய மோட்டார் ஒன்றை அவரே தூக்கிக் கொடுத்தபோது நான் கூட இருந்தேன். தோட்டத்துக்காரர் கூலியை நீட்டினார். அண்ணன் பாதியைத் திருப்பி அவர் கையில் வைத்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சேமிப்பைக் கேட்டு ஒன்பது பேரும் ஒரே மாதத்தில் வந்து நின்றோம். நல்ல நாளில் பல வருடம் தாங்கியது, அந்தக் கோடையைத் தாண்டவில்லை. கடைசியாக எடுத்துக் கொடுத்த அன்று டீக்கடையில் அவர் பேசியது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"ஒருத்தன் விழுந்தா எட்டுப் பேர் சேந்து தூக்கிரலாம்னு நெனச்சேன். ஒம்பது பேரும் ஒண்ணா விழுவோம்னு எனக்குத் தோணவே இல்ல பாரு. வண்டி ஓட்டுறவன் ஒருத்தனையும், வளையல் கடைக்காரன் ஒருத்தனையும் சேத்திருக்கணும். எல்லாருமே மோட்டார்க்காரனாப் போயிட்டோம்."

அதற்குப் பிறகு டீக்கடைக்கு யாரும் வருவதில்லை.

நான் சொல்ல வேண்டியது இதற்குப் பிறகு நடந்தது. என் மனைவி செல்விக்குப் பிரசவ நேரம். குழந்தை திரும்பியிருந்தது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். பணம் கட்ட என்னிடம் எதுவும் இல்லை. சேமிப்பில் ஒன்றும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். கடைசிப் பங்கு எடுக்கும்போது பாஸ்புக்கை நான்தான் கையில் பிடித்திருந்தேன். ஆனாலும் அவர் வீட்டுக்குத்தான் போனேன். அவர் மனைவி ஞானம்மாள் அக்கா கஞ்சி கொடுத்தார். பணம் வேண்டும் என்றேன். செல்வி ஆஸ்பத்திரியில் இருப்பது தெரிந்திருந்தது போல, அண்ணன் எதற்கு என்று கேட்கவில்லை.

"நீ ஆஸ்பத்திரிக்குப் போ. சாயங்காலம் வாரேன்."

வந்தார். பணத்தைக் கொடுத்தார். "நம்ம சேமிப்புல கொஞ்சம் கெடந்துச்சு பாண்டி" என்றார்.

அது பொய் என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். ஏதுண்ணே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்ற பயத்தில் தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டேன்.

மகள் பிறந்தாள். செல்வி பிழைத்தாள். அவர் தன் செயின் பிளாக்கையும் ஸ்பானர் சாவிகள் வைத்திருந்த பெட்டியையும் விற்றிருந்தார் என்று நாலைந்து மாதம் கழித்து ஞானம்மாள் அக்கா சொல்லித் தெரிந்தது. செயின் பிளாக் என்பது கனமான மோட்டாரைக் கிணற்றிலிருந்து தூக்கும் சங்கிலிக் கப்பி. அது இல்லாமல் எங்கள் தொழில் இல்லை. அக்கா என்னைத் திட்டவில்லை. "ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுபடி மழை வந்தது. நல்ல மழை. விவசாயிகள் கடன் வாங்கிப் புது மோட்டார் போட்டார்கள். எனக்கு வேலை வந்தது. அவரைத் தேடி ஒட்டன்சத்திரம் போனேன். மார்க்கெட்டில் தலையில் துண்டோடு நின்றிருந்தார். பாதி ஆளாக மெலிந்திருந்தார்.

"அண்ணே, வாங்க. என் சாமான் உங்க சாமான். ரெண்டு பேரும் சேந்து செய்வோம். சேமிப்பையும் மறுபடி ஆரம்பிப்போம்."

தலைத் துண்டை அவிழ்த்து உதறினார். பிறகு சொன்னார்: "வேண்டாம் பாண்டி. காசு போட்டா, போட்டவனுக்கு நம்பிக்கை வந்துரும். ஒரு தடவை எட்டுப் பேருக்கு அப்படி நம்பிக்கை குடுத்துட்டேன்."

"நீங்க மட்டுமாவது வாங்கண்ணே."

"இங்க நாள் கூலி. சாயங்காலம் கைக்கு வந்துருது. அதுக்கு மேல யோசிக்க எனக்குத் தெம்பு இல்லப்பா."

அடுத்த வருடத்தை யோசிக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். அன்றைக்குச் சாயங்காலத்தோடு அவருடைய யோசனை நின்றுவிட்டது. செயின் பிளாக்கைப் பற்றிப் பேசத்தான் நான் முக்கியமாகப் போயிருந்தேன். அடுத்த முறை பேசிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிட்டேன். அடுத்த முறை என்பது இல்லாமல் போயிற்று.

அடக்கத்துக்கு ஒட்டன்சத்திரத்து மண்டிக்காரர் ஒருவர் வந்திருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, இவரு பெரிய மோட்டார் மெக்கானிக்குன்னு பேசிக்கறாங்க, நெசமுங்களா? எங்க தோட்டத்துலயே மோட்டார் நின்னு கெடந்துதுங்க. அவரு ஒரு வார்த்தை சொல்லலீங்களே."

அண்ணன் போக மீதி எட்டுப் பேரில் நான்கு பேர்தான் வர முடிந்தது. மற்றவர்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போய்ச் சேர்ந்து, தகவல் சொல்லக்கூட எண் இல்லாமல் இருந்தார்கள். முந்தின நாளெல்லாம் மழை. வெட்டி வைத்த குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. சாமியார் ஜெபத்தை நிறுத்திவிட்டுக் காத்து நின்றார். நான் உள்ளே இறங்கி, பிளாஸ்டிக் வாளியில் மொண்டு மேலே கொடுத்தேன். மற்ற மூவரும் வாங்கி ஊற்றினார்கள். மொள்ள மொள்ள ஊறியது. கடைசியில் ஞானம்மாள் அக்கா, "போதும்ப்பா, விடுங்க" என்றார். அந்த ஈரத்திலேயே அவரை இறக்கினோம்.

போய் வாருங்கள் அண்ணே. நான் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியோடு நான் இங்கே இருக்கிறேன்.