எனக்கு வந்தது வேர்க்குரு அல்ல

கோலைக் கைமாற்றாமல் தொடர் ஓட்டம் ஓடிய பள்ளிக்கூடம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுக்கச் சின்னம்மை பரவியது. எங்கள் வகுப்பில் பாதி நாற்காலிகள் காலி. காலை அசெம்பிளியை நிறுத்தினார்கள். கேன்டீனை மூடினார்கள். மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டு, ரப்பரைக்கூட ஒருத்தியிடம் ஒருத்தி கேட்கக் கூடாது என்றார்கள். ஸ்போர்ட்ஸ் டேயை மட்டும் விட எங்கள் டீச்சருக்கு மனம் வரவில்லை. கோல் வழியாக அம்மை தொற்றிவிடும் என்று பயந்து, ஓடுகிற நான்கு பேருக்கும் ஆளுக்கொரு கோல் கொடுத்துவிட்டார். முன்னால் வருகிறவள் கோட்டை மிதித்ததும் அடுத்தவள் தன் கோலோடு கிளம்ப வேண்டும். இதற்குக் கோலே எதற்கு என்று நான் கேட்டேன். வாயாடி என்று பெயர் வாங்கினேன்.

நீல அணியில் கடைசியாக ஓடுகிறவள் நான்தான். பத்து வயதில் எனக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது. படிப்பில் அக்கா, அழகில் அக்கா, அடக்கத்தில் அக்கா. ஓட்டத்தில் மட்டும்தான் நான்.

இப்படி இருக்கும்போது எங்கள் தம்பிக்கு அம்மை போட்டது. ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்து வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் கேட்கும். எதிர் வீட்டு ஆன்டியிடம் கேட்டு வேப்பிலைக் கொத்து வாங்கிவந்து அம்மா வாசலில் கட்டினார். நாங்கள் மெதடிஸ்ட்காரர்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீட்டில் வேப்பிலை தொங்குவதைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. அம்மா அதற்கெல்லாம் அசரவில்லை.

"தெருவுக்குத் தெரியணும்ல? போர்டு எழுதி மாட்டினா யாரு நின்னு படிப்பா?" என்றார்.

அப்பா ரயில்வேயில் கிளார்க். அம்மை போட்ட வீட்டிலிருந்து வேலைக்கு வராதே, வருவதாக இருந்தால் அந்த வீட்டுக்குப் போகாதே என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். வேலையா வீடா என்று கேட்டால் அப்பா கொஞ்சமும் யோசிக்க மாட்டார். இரண்டு சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிள்ளானில் இருந்த அத்தை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்து தினமும் ரயிலில் வேலைக்கு வந்தார். அவருக்கு அத்தை வீட்டு நண்டுக் குழம்பு. எங்களுக்குத் தாளிக்காத பத்தியக் குழம்பு. ஆம்பிளைகளுக்கு மட்டும் எந்த நோயிலும் எப்படி ஒரு வழி பிறந்துவிடுகிறது என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

என்னையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. இதுதான் பெரிய அநியாயம். எனக்கு மூன்று வயதிலேயே அம்மை வந்து போய்விட்டது. ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். நெற்றியில் தழும்பு இருக்கிறது. நான் சொறியாமல் இருக்க அப்பா தன்னுடைய காலுறையை என் இரண்டு கைகளிலும் மாட்டிவிட்டாராம். நான் அதைப் பல்லால் கடித்து இழுத்தேனாம். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இந்தக் கதையைச் சொல்லாமல் விட மாட்டார். எங்கள் சர்ச்சில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். இவ்வளவு சாட்சி இருந்தும் அம்மா அசையவில்லை. ஸ்போர்ட்ஸ் டேக்கு முன்னால் தம்பிக்குக் காய்ந்து உதிர்ந்துவிடும், அன்றைக்குக் கட்டாயம் அனுப்புகிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்தார். நானும் சமையலறைக்கும் வாசலுக்கும் இடையே தனியாக ஓடிப் பழகினேன். கோலுக்குப் பதில் சப்பாத்திக் குழவி.

தம்பிக்கு உதிர்ந்தது. வேப்பிலையை அவிழ்க்கப் போகிறார்கள் என்று நான் காத்திருந்தபோது அம்மா புதுக் கொத்தாக மாற்றிக் கட்டினார். இந்தத் தடவை அக்காவுக்காம்.

அக்காவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அக்கா அப்போது ஆறாம் படிவம், பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு. அந்த வருடக் கடைசியில் பரீட்சை எழுதி, டீச்சராவதுதான் அவளுடைய ஆசை. அத்தைக்கு வேறு ஆசை. கடல் தாண்டிச் சபாவில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளை ஒரு மாத லீவில் கிள்ளானுக்கு வருவதாக இருந்தது. அத்தை சர்ச் மாதர் சங்கத்தில் பெரிய ஆள். எந்த வீட்டுப் பெண் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று கர்த்தர் தன்னிடம்தான் சொல்கிறார் என்பதுபோல் பேசுவார். தம்பிக்கு அம்மை போடுவதற்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டுப் போயிருந்தார்.

"மூணு ஞாயிறு சர்ச்சுல கல்யாண ஓலை வாசிக்கணும். மாப்பிள்ளை வந்த மொத சனிக்கிழமையே பொண்ணு பாத்தாத்தான் லீவு முடியறதுக்குள்ள கல்யாணத்தை முடிக்கலாம். பரீட்சையா? சபாவுல என்ன ஸ்கூல் இல்லையா?"

அப்பா தலையாட்டினார். அப்பாவை வளர்த்தது அத்தைதான். அத்தை எது சொன்னாலும் அப்பா தலையாட்டுவார். அப்பா தலையாட்டியதற்கு அம்மா எதிராகப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று அக்கா மட்டும் எழுந்துபோய்ப் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் நின்று அழுதாள். அம்மா அவளுக்குத் துணையாக நின்றார்.

இப்போது அந்த அக்காவுக்கு அம்மை. அறைக் கதவு சாத்தியே இருந்தது. சாப்பாட்டை அம்மாதான் கொண்டுபோனார். எனக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே, நான் கொண்டுபோகிறேன் என்றால் விடவில்லை. உள்ளேயிருந்து முனகல் சத்தம் வரும் என்று காது வைத்துக் கேட்டேன். பாடம் ஒப்பிக்கிற சத்தம்தான் வந்தது. ஒருநாள் அக்கா குளிக்கப் போகும்போது தலையில் போட்டிருந்த துண்டு நழுவியது. முகம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு பரு கிடையாது. நான் கூச்சல் போட வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனார்.

"அக்காவுக்கு உள்ளுக்குள்ள போட்டிருக்கு. வெளிய தெரியாது" என்றார்.

"உள்ளுக்குள்ளயா? அப்படிலாம் போடுமா?"

"போடும். நீ வாய மூடிக்கிட்டு இருந்தா திங்கக்கிழமை ஸ்போர்ட்ஸ் டேக்குப் போலாம்."

இந்த ஒப்பந்தம் எனக்குப் பிடித்திருந்தது. அக்காவுக்குப் பொய் அம்மை போட்டால் எனக்கென்ன? பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அறைக்குள் உட்கார்ந்து படிக்கிற பைத்தியம் உலகத்தில் உண்டா என்று மட்டும் நினைத்தேன். என் கான்வாஸ் சப்பாத்துக்கு வெள்ளை அடித்து வெயிலில் காயவைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மாப்பிள்ளையே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் அவருடைய அம்மா, பின்னால் அத்தையும் அப்பாவும். அத்தை முதலில் இறங்கினார். இறங்கியதும் கண்ணில் பட்டது வேப்பிலை.

"ஸ்தோத்திரம் சொல்ற வீட்டுல இது என்ன கண்றாவி?" என்றார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டுக்குள்ளேயே நின்றார். "உள்ள வராதீங்க அண்ணி. பெரியவளுக்குப் போட்டிருக்கு. சொல்லி அனுப்புனேனே."

"உள்ள யாரு வரா? அவள ஜன்னல் பக்கம் வந்து நிக்கச் சொல்லு. இவங்க இங்கேருந்தே பாத்துட்டுப் போயிடட்டும். நாளைக்கு மொத ஓலை வாசிச்சிடலாம்."

கோலைக் கைமாற்றாமல் ஓடுவதுபோல் இதுவும் ஓர் ஏற்பாடு. நோய் வந்தால் பள்ளிக்கூடம் நிற்கலாம், கேன்டீன் நிற்கலாம். ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுப்பது மட்டும் நிற்கக் கூடாது. இதை எழுதும்போதும் எனக்குக் கொதிக்கிறது. அன்றைக்கு எனக்கு அந்தக் கோபம் இல்லை. அன்றைக்கு என் கோபமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

"எழுந்து நிக்க முடியல அண்ணி. மயக்கமா கிடக்கா" என்றார் அம்மா.

"அப்ப நான் போய்ப் பாக்கறேன். எனக்குச் சின்ன வயசுலயே வந்து போச்சு."

காருக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் அம்மா தலையை நீட்டினார். "உள்ள போனீங்கன்னா திரும்பி இந்தக் கார்ல ஏறாதீங்க லா. எனக்கும் இவனுக்கும் இன்னும் வரல."

"நான் பஸ்ல போய்க்கிறேன்" என்று அத்தை கேட்டின் கொண்டியில் கையை வைத்தார். அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. அந்த நேரம் பார்த்து நான் வெள்ளை அடித்த சப்பாத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"இவ எங்க கிளம்பறா?" என்றார் அத்தை.

"திங்கக்கிழமை ஸ்போர்ட்ஸ் டே அத்தை. நான் ரிலேயில கடைசி."

"அம்ம வீட்டுலேருந்தா? எத்தன புள்ளைங்களுக்கு ஒட்டும்? ஒங்க ஹெட்மிஸ்ட்ரஸ் எனக்கு நல்லாத் தெரியும். நாளைக்கே சொல்லி நிறுத்தறேன் பாரு."

என் நியாயம் அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. "அக்காவுக்கு அம்மையே இல்ல! முகம் கண்ணாடி மாதிரி இருக்கு! நான் பாத்தேன்! ரூமுக்குள்ள ஒக்காந்து படிச்சுக்கிட்டே இருக்கா!"

உள்ளே அக்கா ஒப்பித்துக்கொண்டிருந்த சத்தம் வாசல்வரை மெல்லியதாகக் கேட்டது. அதுவும் சட்டென்று நின்றது.

அம்மா ஓடிவந்து என் நெற்றியில் கையை வைத்தார். "ஐயோ, கொதிக்குதே! இவளுக்கும் ஆரம்பிச்சிருச்சு. காய்ச்சல்ல உளறுது பாருங்க" என்றவர், என் காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். அங்கே கொசு கடித்துச் சிவந்த தடிப்புகள் நாலைந்து இருந்தன. கொதித்தது உண்மைதான். அது கோபத்தில் கொதித்தது.

மாப்பிள்ளையின் அம்மா கார்க் கண்ணாடியை ஏற்றினார். அத்தை லேசில் விடுகிற ஆள் இல்லை. கொண்டியிலிருந்து கையை எடுக்காமலே அப்பா பக்கம் திரும்பினார்.

"ஒன் பொண்டாட்டி என்னமோ ஒளறுறா. சின்னவளுக்கு மூணு வயசுலயே வந்துச்சுன்னு நீதானடா ஊரெல்லாம் சொல்லுவ? மறுபடி எப்படி வரும்? சொல்லு தம்பி, வந்துச்சா இல்லையா?"

எனக்கு உயிர் வந்தது. அப்பா சொல்லிவிடுவார். காலுறைக் கதையை ஆரம்பிப்பார். அப்புறம் அம்மாவின் பொய் உடைந்துவிடும், எனக்குக் காய்ச்சல் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், திங்கட்கிழமை நான் ஓடுவேன். நான் நெற்றி முடியை ஒதுக்கித் தழும்பை வசதியாகக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சாத்தியிருந்த அறை ஜன்னலைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொள்ளாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் அப்பாவின் தட்டைப் பார்த்துத்தான் பேசுகிறவர்.

"இல்லக்கா" என்றார் அப்பா. "அது வேர்க்குரு."

"வேர்க்குருவா?"

"வேர்க்குருதான்க்கா. நான்தான் கொஞ்சம் பெருசா சொல்லிட்டேன்."

ஒன்றுக்கு இரண்டு பேருக்கு அம்மை என்றதும் கார் கிளம்பிவிடும்போல் உறுமியது. அத்தை கொண்டியில் வைத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினார். அப்பாவும் ஏறினார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "அப்பா! சாக்ஸ் போட்டீங்களே அப்பா!" என்று கத்தினேன். அம்மா என்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே தூக்கிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கவில்லை. திங்கட்கிழமை நான் ஓடவில்லை. எனக்குப் பதிலாக ஓடிய தடிச்சி, யாருக்கும் கொடுக்கவோ யாரிடமிருந்தும் வாங்கவோ தேவையில்லாத தன் சொந்தக் கோலைப் பாதி வழியில் கீழே போட்டாளாம். நீல அணி கடைசி. அம்மை என்றால் அம்மை மாதிரி இருக்க வேண்டும் என்று எனக்கு வேப்பிலை அரைத்துப் பூசிப் பாயில் படுக்க வைத்தார்கள். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் பங்குக் கேக்கையும் எனக்கே கொடுத்தாள். லஞ்சம் என்று தெரிந்தும் தின்றேன். தின்றுவிட்டு அவளைத் திட்டினேன். மாப்பிள்ளை லீவு முடிந்து சபாவுக்குப் போனார். உடனே எங்கள் இரண்டு பேருக்கும் உதிர்ந்துவிட்டது. அக்கா சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஆறாம் படிவத்துக்குக் கிளம்பினாள்.

அப்பா பையோடு வீட்டுக்கு வந்தார். எனக்குப் பிடித்த கறிபஃப் வாங்கிவந்திருந்தார். நான் வாங்கவில்லை. நெற்றியைக் காட்டி, "இது வேர்க்குருவாப்பா?" என்று கேட்டேன். அப்பா அந்த இடத்தில் பெருவிரலை வைத்து மெல்லத் தடவினார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டுப் போனேன். பள்ளி விடுமுறை வரும்வரை அவரோடு பேசவில்லை.

தன் அக்காவைப் பார்த்து அப்பா 'இல்லை' என்று சொன்னது அவர் ஆயுசில் அந்த ஒரு முறைதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.