ஆறு பாட்டுக்கு அரபி

2023 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை. காலை 5.20க்கு சுப்ஹு தொழுதேன். 6.40க்கு கம்பெனி வண்டி. டைல்ஸ் கிடங்கில் ஏழு மணி முதல் பதினொன்றரை வரை இருப்பு சரிபார்த்தேன். உடைந்த பெட்டிகள் நான்கு, தனியே குறித்து வைத்தேன். 1.15க்கு ஜும்ஆ தொழுகை. அறைக்கு வந்து மீன் குழம்பைச் சூடாக்கினேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பையில் ஆறு தாள்கள் இருந்தன.

ஆறும் நானே எழுதி மெட்டமைத்த பாட்டுகள். பத்தொன்பது வருடமாக தொழிலாளர் கேம்ப்களிலும் சங்க விழாக்களிலும் மற்றவர்களின் நிகழ்ச்சிகளுக்கு நடுவே பாடி வந்திருக்கிறேன். இப்போதுதான் முதன்முறையாக ஒரு மாலை முழுவதும் எனக்கே கிடைத்திருந்தது. அரசு அனுமதி விண்ணப்பத்தோடு பாட்டுகளின் அரபி மொழிபெயர்ப்பையும் வைக்க வேண்டும், சனிக்கிழமை நண்பகலுக்குள் வந்தாக வேண்டும் என்று அமைப்பாளர் சொல்லிவிட்டார். டைப்பிங் சென்டரில் அரபி எழுதுவார்கள்; தமிழ் வாசிக்கத் தெரியாது. அமீரகத்தின் இந்த அல் ஐன் நகரில் இரண்டும் தெரிந்தவராக நான் அறிந்தது ஒருவரைத்தான். என் காக்கா, கூடப்பிறந்த அண்ணன்.

காக்கா ஏழு வருடம் மதரசாவில் ஓதியவர். எங்கள் தகப்பனார், வாப்பா, ஊர்ப் பள்ளிவாசலில் இமாம். எங்கள் வீட்டுக்குள் கிட்டார் நுழைந்ததே இல்லை. பாடுவதை விட்டுவிட்டேன் என்று வாப்பாவிடம் சொல்லி ஆறு வருடம் ஆகியிருந்தது. காக்காவும் அதை நம்பியிருந்தார்.

அவருடைய அத்தர் கடைக்குள் நுழையும்போது மணி 3.50. தாள்களைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுக்குத்தான் ஏழு வருஷம் பாயில உக்காந்து ஓதினேனாக்கும்," என்றார். ஆனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

வாடிக்கையாளர் வரும்போதெல்லாம் தாள்களைக் கவிழ்த்து வைத்தார். அந்தித் தொழுகையான மஃரிபுக்குள் ஐந்து பாட்டுகள் முடிந்தன. தொழுதுவிட்டு வந்து ஆறாவதை எடுத்தார். கேம்ப்களில் எல்லோரும் விரும்பிக் கேட்பது அதைத்தான். விடியுமுன் பள்ளிவாசலுக்குக் கிளம்பும் தகப்பன் வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறார். மகன் தூங்குவது போல் கிடக்கிறான்.

"இது யாருடா?"

"ஒரு வாப்பா."

"ஒரு வாப்பாவா, நம்ம வாப்பாவா?"

அவர் சட்டென்று சிரித்துவிட்டார். "நீ மட்டும்தான் நடிச்சேன்னு நெனச்சியா? பக்கத்துப் பாயில நானும்தான் கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குள் அவர் பேனாவை மூடி அந்தத் தாளை மேஜை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார்.

"இத நான் எழுத மாட்டேன்."

"காக்கா, நாளைக்கு மத்தியானம் குடுக்கணும். அந்தப் பாட்டு இல்லாம அந்த மேடையே எதுக்கு?"

"வாப்பாவ வச்சுப் பாடுற. வாப்பாட்டயே பொய் சொல்லி வச்சிருக்க. நீ சொன்ன பொய்க்கு நானும் சாட்சியா நிக்கணுமா? காலைல அவங்கட்ட சொல்லு. சொன்னதும் எனக்குப் போன் போடு, அரை மணி நேரத்துல எழுதித் தாரேன்."

"வாப்பா பேசாம விட்டுட்டாங்கன்னா?"

"அதுக்கு நான் என்னடா பண்ண?"

ஐந்து மொழிபெயர்ப்புகளை உறையில் போட்டுக்கொண்டு அறைக்குத் திரும்பினேன். இரவு 9.30க்குப் படுத்தேன். வாப்பாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை உண்டு. அதை அவர் காலை உணவுக்குப் பிறகுதான் போடுவார். எந்த நேரத்தில் சொன்னால் குறைவாக வலிக்கும் என்று கணக்குப் போட்டபடி கிடந்தேன்.

சனிக்கிழமை சுப்ஹு தொழுததும், தேநீர்கூடக் குடிக்காமல், 6.35க்கு ஊருக்கு அழைத்தேன். அங்கே மணி 8.05. மாத்திரை போட்டாச்சா என்று கேட்டேன். போட்டாச்சு என்றார்.

"வாப்பா, நான் பாடுறத விடல," என்றேன்.

"அன்னைக்கு என் கையப் பிடிச்சுக்கிட்டுல்ல சொன்ன?" என்றார்.

"ஆமா வாப்பா," என்றேன். அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.