நகத்தின் மேல் புதன்

தூத்துக்குடி கடற்கரை. கரையேற்றிய வள்ளத்தின் விளிம்பில் தொலைநோக்கியைச் சாய்த்து, கீழே நிழலில் வெள்ளை அட்டையைப் பிடித்திருக்கிறார்கள் உள்ளூர் வானியல் மன்றத்தார். இன்று புதன் கோள் சூரியனுக்குக் குறுக்கே போகிறது. ஆனால் காலையிலிருந்தே மழைமேகம். லீவு போட்டு வந்த செயலாளர் வானத்தையே அண்ணாந்து பார்க்கிறார். வேடிக்கை பார்க்க நின்றதில் என் பஸ் எப்போதோ போயிருக்கும்.

திடீரென வெயில் அடிக்கிறது. தொலைநோக்கி வழியே அட்டையில் சாசர் அளவுக்குச் சூரியன் விழுகிறது. அதற்குள் எள்ளைவிடச் சிறிய கரும்புள்ளி.

வள்ளக்காரர் சூசை அதைத் துண்டால் துடைக்கிறார். போகவில்லை.

"தூசி இல்ல அண்ணாச்சி, அதான் புதன்!" என்று செயலாளர் பதறுகிறார்.

"இம்புட்டுக்காணு புள்ளிக்கா லீவு போட்டிய?" என்றபடி சூசை விரலை நீட்டுகிறார். புள்ளி அவர் நகத்தில் ஏறிக்கொள்கிறது.

மறுபடி மேகம். மன்றத்தார் அட்டையை இறக்கப்போகிறார்கள்.

"அசையாம பிடிங்க, இப்ப விலகிரும்" என்கிறார் சூசை, விரலை எடுக்காமல்.