ஆணியில் தொங்கிய ஸ்பீக்கர்

சேலையூரில், கேம்ப் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு மாடி வீட்டில் ஃபஹீமா இருக்கிறாள். பர்தாக்களுக்குக் கல் ஒட்டிக் கொடுப்பது அவள் வேலை. கணவன் சாஜித்துக்கு மேற்குத் தாம்பரத்தில் செல்போன் சாமான்கள் விற்கும் கடை. ஒரே மகள் அஃப்ஷான், ஆறாம் வகுப்பு.

போன மழைக்காலத்தில் அஃப்ஷான் வகுப்பில் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். யாருமில்லாத இடத்திலிருந்து ஒரு ஆள் பேசுகிறான் என்றாள். "உன்னால எல்லாருக்கும் அசிங்கம்" என்கிறானாம். மற்றப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், சரியான பிறகு கூட்டி வாருங்கள் என்றார் தலைமை ஆசிரியை. பயந்துபோயிருப்பது என் பிள்ளைதான் என்றாள் ஃபஹீமா. புத்தகப் பையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்கள். இன்றுவரை அவள் திங்கட்கிழமைதோறும் போய்க் கேட்கிறாள். வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள்.

சாஜித்தின் அண்ணன் கலீலுக்குப் பம்மலில் தோல் வியாபாரம். குடும்பத்தில் அவர் சொன்னதுதான் முடிவு.

"இன்னாத்துக்கு டாக்டரு? வூட்ல ஓதுற சத்தமே இல்ல. அதான் கண்டதும் உள்ள பூந்துகினுகீது. ராத்திரி பகலா சூரா ஓடணும், சொல்ட்டேன்."

சாஜித் அன்றைக்கே கடையிலிருந்த உசத்தியான ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மகளின் கட்டிலுக்கு மேலே ஆணியடித்து மாட்டினான். அது நிற்காமல் குர்ஆன் ஓதியது. கூடவே கூடத்து டிவியில் கிரிக்கெட் ஓடியது. அடுப்பில் வெங்காயம் வதங்கியது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், இவளை இனி எவன் கட்டுவான் என்று டீ குடித்துக்கொண்டே பேசினார்கள். அஃப்ஷான் தூங்குவதை விட்டாள்.

கலீலிடம் கேட்காமல் ஃபஹீமா அவளை மின்சார ரயிலில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். குழந்தைகள் மனநல டாக்டர் மாத்திரை எழுதினார். குரல் பொய்யென்று பிள்ளையோடு சண்டை போடாதீர்கள், உண்மையென்றும் சொல்லாதீர்கள் என்றார். உங்களுக்குக் கேட்கவில்லையென்றால் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். அன்றிலிருந்து அஃப்ஷான் ஒவ்வொரு சத்தத்துக்கும் தாயிடம் கேட்பாள்.

"இது உனக்குக் கேக்குதா?"

"எனக்குக் கேக்கலைடா."

"இது?"

"அது கீழ்வீட்டுக் குக்கர்."

ஒரு மத்தியானம் தாய் கல் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஸ்பீக்கரைக் காட்டினாள். "இது ஓடுறப்ப அந்த ஆளு இதுக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டுப் பேசுறான்மா. எது யாருன்னே தெரியல."

"முன்னாடியே ஏன் சொல்லலை?"

"ஓதுறத நிறுத்தச் சொன்னா பாவம்தானே?"

பதினொரு வயது. இத்தனை நாளாகத் தூக்கமில்லாமல் இந்த ஒன்றை வெளியே சொல்லாமல் வைத்திருந்தாள். ஃபஹீமா ஸ்டூலைப் போட்டு ஏறி ஸ்பீக்கரைக் கழற்றினாள். அன்று அஃப்ஷான் சாயங்காலம்வரை தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கலீல் சாப்பிட வந்தார். வெறும் ஆணியைப் பார்த்தார்.

"யாரு கயட்னது?"

"நான்தான் மச்சான்."

"ஓதுறத நிறுத்திட்டு மாத்திரை குடுத்துகினுகீற. பெரிய டாக்டரம்மா."

"ஓதுறது நிக்கலை. அஞ்சு வேளையும் தொழுதுட்டு, மெதுவா ஓதி அவ தலைல ஊதுறேன். மிஷினைத்தான் கழட்டினேன்."

"சாஜித், இன்னாடா இது?"

சாஜித் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்துபோனான்.

"ஓதுனா வாயை மூடிக்கிட்டுக் கேக்கணும்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்வீங்க," என்றாள் ஃபஹீமா. "இது ஓடுனப்ப ஒரு நாளாவது கேட்டீங்களா? ஸ்கோர் கேட்டீங்க. இவளை எவன் கட்டுவான்னு கேட்டீங்க. இந்த வீட்ல அதை முழுசாக் கேட்டது எம்மவ ஒருத்திதான். எந்திரிச்சுப் போகவும் அவளுக்கு வழியில்ல."

கலீல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "உம்பொண்ணால குடும்பத்துக்கே அசிங்கம்," என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டுப் படியிறங்கினார்.

உள்ளறைக் கதவு திறந்தது.

"அம்மா, இப்ப அசிங்கம்னு சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

இல்லை என்ற சொல் ஃபஹீமாவின் நாக்கு வரை வந்தது. "கேட்டுச்சு. பெரியத்தா சொன்னாங்க."

"அவனும் இதையேதான் சொல்றான்."

"ரெண்டு பேரு சொல்றதும் தப்பு."

சாஜித் தண்ணீர்ச் சொம்போடு அடுப்படி வாசலில் நின்றிருந்தான். அதைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப்போனான். ஜன்னல் வழியாக அவன் குரல் வந்தது. "அண்ணா, கொஞ்ச நாளைக்கு இங்க வராதீங்க." கலீல் சொன்ன பதில் பைக் சத்தத்தில் கேட்கவில்லை.

மேலே வந்தவன் சுத்தியலைத் தேடி எடுத்தான். கட்டில்மேல் ஏறினான். சுவரில் சத்தம் கேட்டது.

"இது?" என்றாள் அஃப்ஷான்.

"அது அத்தா. ஆணியைப் புடுங்குறாங்க."