ரயில் ஏறாத பெட்டிகள்

கண்டியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் கந்தோர் இருந்தது. அந்த அலுவலகத்திலிருந்து, ஐரோப்பாவில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பனிக்கு ஆவணங்கள் தயாரிப்போம். அங்கே ஒரு சரக்குப் பெட்டி லொறியில் புறப்பட்டு, நெடுந்தூரத்தை ரயிலிலோ கப்பலிலோ கடந்து, கடைசியில் மறுபடி லொறியில் போய்ச் சேர்ந்தால் கம்பனிக்கு வரிச் சலுகை உண்டு. நான் அந்த நாடுகளைப் பார்த்ததில்லை. விதிகள் மட்டும் மனப்பாடம்.

அந்த விதிகளைத் திருத்தப் போவதாகச் சொல்லி, அங்குள்ள அதிகாரிகள் எல்லோரிடமும் கருத்துக் கேட்டார்கள். கம்பனியின் கடிதத்தை எழுதும்படி மேலாளர் என்னிடம் சொன்னார். ரயிலுக்கான சலுகையைக் கூட்டச் சொல்லி ஆசையாகவே எழுதினேன். கடுகண்ணாவையில் எங்கள் வீடு வீதியோரம். ஏற்றத்தில் முனகி வரும் லொறிகளின் கரி ஜன்னல் திரையெல்லாம் படியும். பாரம் ரயிலில் போகட்டும் என்று மனதார நம்பினேன்.

அதே வாரம் ஒரு பெட்டியின் படிவத்தில் ‘ரயில்’ என்று நிரப்பப் போனேன். ரயில் ரசீது இல்லை. சாரதி அனுப்பிய படம்தான் இருந்தது: மழையில் நெடுஞ்சாலை, லொறியின் மேல் அதே இலக்கப் பெட்டி. இரண்டு நாளாக இறங்காமல் ஓட்டுகிறேன், குளிக்கவும் வழியில்லை என்று எழுதியிருந்தார். பழைய கோப்புகளைத் திறந்தேன். பலவற்றில் அதே கதை. எல்லாம் நான் ரசீதைப் பாராமல் நிரப்பியவை. கோப்பை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன்.

மேலாளர் ரோல்ஸ் தின்றுகொண்டே என் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். தாளில் எண்ணெய் விரல்கள் பதிந்திருந்தன.

“சேர், இந்தப் பெட்டி ரயில்ல போகவே இல்ல.”

“தெரியும் மிஸ். அங்க யாரு எண்ணிப் பாக்கப்போறாங்க? ரயில்னே போடுங்க.”

பிறகு, கடிதம் அருமை என்றார்.

நான் ‘வீதி’ என்று நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் அது ‘ரயில்’ ஆகியிருந்தது. கீழே என் பெயர் அப்படியே இருந்தது. அழுக்குத் துணியை என் வாயில் திணித்தது போலிருந்தது. அன்றே வேலையை விட்டேன்.

கருத்துக் கேட்டவர்களுக்கு என் பெயரில் தனியாக ஒரு கடிதம் அனுப்பினேன். படிவத்தின் எந்தக் கட்டத்தில் எப்படிப் பொய் நுழைகிறது என்று ஒளிக்காமல் எழுதினேன். கிடைத்ததாக ஒரு தானியங்கிப் பதில் மட்டும் வந்தது. கம்பனியின் கடிதத்தை இணையத்தில் எல்லோரும் படிக்கப் போட்டிருந்தார்கள். நான் நம்பி எழுதிய வரிகள் ஒன்றுகூட மாறாமல் இருந்தன. பாதிக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.