ஐந்தாவது வரி

என் அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பழைய அட்டைக் கோவை இருக்கிறது. அதற்குள் றோணியோ மெசினில் பிரதி எடுத்த ஒரே ஒரு தாள். மஞ்சளாகி, மடிப்புகளில் கிழியத் தொடங்கிவிட்டது. மேலே 'நான்' என்று தலைப்பு. கீழே ஐந்து வரிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் பிள்ளை நிரப்ப வேண்டிய ஓர் இடைவெளி. என் பெயர், என் வயது, என் பாடசாலை, என் ஊர். இந்த நான்கும் குண்டு குண்டான பென்சில் எழுத்தில் நிரம்பியிருக்கின்றன. ஐந்தாவது வரி 'என் அப்பாவின் பெயர்'. அதற்கு எதிரே எழுத்து எதுவும் இல்லை. அழித்து அழித்துத் தாள் தேய்ந்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது. ஓரத்தில் சிவப்புப் பேனையால் நான் எழுதிய குறிப்பு: 'வீட்டில் பயிற்சி போதாது. பெற்றோர் கவனம் எடுக்கவும்.' அதன் கீழே என் கையெழுத்து, இரண்டு கோடும் போட்டு.

இந்தக் கிழமை அதை வெளியே எடுக்கவேண்டி வந்தது. என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி இப்போது ஓர் ஆரம்பப் பாடசாலையில் பகுதித் தலைவி. தொலைபேசியில் கூப்பிட்டு, "ரீச்சர், முதலாம் ஆண்டுப் பெற்றோருக்கு ஒரு கூட்டம் வைக்கிறம். வீட்டில பிள்ளையளுக்கு எப்பிடி உதவுறது எண்டு நீங்கள்தான் வந்து கதைக்க வேணும். ஏலாது எண்டு சொல்லக் கூடாது" என்றாள். ஏலாது என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். முழங்கால் நோகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முப்பத்தைந்து வருடம் கத்திக் கத்தித் தொண்டையும் போய்விட்டது. ஆனாலும் ஓம் என்றுவிட்டேன். ஓம் என்று சொல்லியே காலம் போன பிறவி நான்.

கலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். பென்சிலைச் சீவிக் கொடுக்காதீர்கள், சீவப் பழக்குங்கள். வீட்டுவேலையை நீங்கள் செய்து கொடுத்தால் எங்களுக்குத் தெரியும். புளியங்கொட்டையை வைத்து எண்ணப் பழக்குங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் இன்று என்ன நடந்தது என்று கேளுங்கள், கேட்டுவிட்டு அது சொல்லி முடியும்வரை வாயை மூடிக்கொண்டு இருங்கள். இதெல்லாம் நித்திரையிலும் சொல்லுவேன். அடுத்ததாக, 'தன் பெயர், தாய் தகப்பன் பெயர், ஊர் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லப் பழக்குங்கள்' என்று எழுத வேண்டும். அந்த இடத்தில் கை நின்றுவிட்டது.

சண்டைக் காலம். நான் துறைமுகத்துக்குக் கிட்டே ஒரு பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு படிப்பித்துக்கொண்டிருந்தேன். காலையில் இரண்டு சோதனைச் சாவடியில் சைக்கிளால் இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டிவிட்டு வகுப்புக்கு வந்து சேரும்போதே பாதிச் சீவன் போயிருக்கும். பள்ளிக்கூட வளவுக்குள் ஊர்த் தெருவில் திரிகிற மான்கள் வந்து நிற்கும், பிள்ளைகளின் சாப்பாட்டுக் கடுதாசியை மென்றுகொண்டு. வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் எங்கள் மணி. ஓர் அறையில் நாற்பத்தியொரு பிள்ளைகள். ஊர்விட்டு ஊர் வந்தவர்களால் ஒவ்வொரு மாதமும் அந்தத் தொகை கூடும். பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் குறையும்.

அப்படி வந்து சேர்ந்த பிள்ளைதான் இந்தத் தாளுக்குரியவள். தாய்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். மெலிந்த, உயர்ந்த மனுசி. பாலையூற்றில் ஒரு வாடகை அறையில் இருப்பதாகவும், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பதாகவும் சொன்னார். பிறப்புச் சாட்சிப் பத்திரம் வீட்டோடு எரிந்துபோயிற்று என்றார். அந்தக் காலத்தில் அது புதினமான கதை இல்லை. அதிபர் நல்ல மனுசன். தகப்பன் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு, தற்காலிகம் என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார்.

பிள்ளை கெட்டிக்காரி. உயிரெழுத்து பன்னிரண்டையும் இரண்டு கிழமைக்குள் பிடித்துவிட்டாள். என்னை எரிச்சல்படுத்தியவை இரண்டு விடயங்கள். ஒன்று, துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டால் போதும், எழுதுவதை நிறுத்திவிட்டு யன்னலைப் பார்ப்பாள். 'கவனக் குறைவு' என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். மற்றது இந்த ஐந்தாவது வரி. பாடத்திட்டத்தில் முதலாம் தவணையிலேயே வருவது அது: பிள்ளை எழுந்து நின்று, தன்னைப் பற்றி ஐந்து வசனம் தெளிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு அது வெறும் பாடம் இல்லை. ஷெல் விழுந்து சனம் சிதறி ஓடினால், கோவிலிலோ முகாமிலோ தனித்து நிற்கிற பிள்ளை தன் தகப்பன் பெயரைச் சொன்னால்தான் வீடு போய்ச் சேரும். அதை நான் பெற்றோருக்கும் சொல்லியிருந்தேன். பல தாய்மார் சட்டைப் பைக்குள் பெயர் எழுதிய துண்டைக் குத்தி அனுப்பினார்கள்.

இவள் நாலு வசனம் கணீரென்று சொல்லுவாள். ஐந்தாவதில் வாய் பூட்டிக்கொள்ளும். "வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தாளை வீட்டுக்கு அனுப்பினேன். ஐந்தாவது வரி வெறுமையாகவே திரும்பி வந்தது. சிவப்புக் குறிப்பை எழுதி மறுபடி அனுப்பினேன், மறுபடியும் வெறுமை. தாயைக் கூப்பிட்டேன். மாவு காய்ந்த கையோடு ஓடிவந்தார். நான் பொரிந்து தள்ளினேன். நாற்பத்தியொரு பிள்ளையை நான் ஒருத்தி மேய்க்கிறேன், தகப்பன் பெயரைக்கூடப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க உங்களுக்கு நேரமில்லையா என்று கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம் ரீச்சர், பழக்கிறன்" என்றார். ஓர் எதிர்ப்பேச்சும் பேசவில்லை. எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

என் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஐந்து வசனத்தையும் தடக்காமல் சொல்லும் பிள்ளை, அன்றைக்கு என் கதிரையில் ஏறி இருக்கலாம். இடைவேளைக்கு மணியும் அடிக்கலாம். அந்தத் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் ஓங்கி அடிக்கிற ஆசைக்குப் பிள்ளைகள் எதையும் பாடமாக்குவார்கள். ஒவ்வொருவராக எல்லோரும் அடித்து முடிந்துவிட்டது. இவள் ஒருத்திதான் மிச்சம். மணி அடிக்கும் நேரத்தில் மரத்தடிக்குக் கிட்டப்போய் நின்று அண்ணாந்து பார்ப்பாள். எனக்கு அவளுடைய பலவீனம் பிடிபட்டது. ஒரு நாள், "இண்டைக்குச் சொன்னியெண்டால் மூண்டு தரம் அடிக்கலாம்" என்றேன்.

அவள் யோசித்தாள். வாசலை ஒருக்கால் பார்த்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னாள். தகப்பனின் பெயர், தாத்தாவின் பெயர், விட்டு வந்த ஊரான திரியாய், அங்கே வீடு இருந்த ஒழுங்கை, தகப்பனின் தொழில் எல்லாவற்றையும். நான் கேட்டதற்கு மேலாக, ஒரு சொல் பிசகாமல், எப்போதோ பாடமாக்கி வைத்திருந்த மாதிரி. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. வகுப்பு முழுவதும் கைதட்டச் செய்தேன். "கெட்டிக்காரி!" என்று கன்னத்தில் தட்டினேன். அந்த வரியைத் தாளில் அவளே எழுதினாள். பிறகு மூன்று தரம் மணியடித்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது, எனக்கு உடம்பு அலுப்பே தெரியவில்லை. கல்லில் நார் உரித்துவிட்டேன் என்று நினைப்பு.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. காய்ச்சலாக்கும் என்று இருந்துவிட்டேன். மூன்றாம் நாள், பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை உருட்டிக்கொண்டு பாலையூற்றுக்குப் போனேன். பத்துப் பேரிடம் விசாரித்து அந்த அறையைக் கண்டுபிடித்தேன். இடியப்பத் தட்டுகள் சாக்கில் கட்டிக் கிடந்தன. ஒரு பெட்டி, ஒரு பாய்ச் சுருள். பிள்ளை மூலைக்குள் குந்திக்கொண்டிருந்தாள். கன்னத்தில் அடி விழுந்த விரல் தடம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. தாய் என்னைக் கண்டதும், "போய் முற்றத்தில விளையாடு" என்று அவளை வெளியே அனுப்பினார். எனக்கு இருக்க ஒரு பலகையை இழுத்துப் போட்டார். அவ்வளவு நடந்த பிறகும் பலகை போட்டார்.

"ரீச்சர், அவளுக்குத் தெரியாமல் இல்லை" என்று தொடங்கினார். "நாலு வயசிலயே டக்கு டக்கெண்டு சொல்லுவாள். தகப்பன்தான் மடியில வச்சுப் பழக்கினவர். எங்கயும் துலைஞ்சு போனா ஆரிட்டயாவது சொல்லத் தெரிய வேணும் எண்டு. நீங்கள் சொன்ன அதே கதைதான்."

சாக்கின் வாயை இன்னொருமுறை இறுக்கிக் கட்டினார்.

"ஊரில ஒரு நாள் நாலு பேர் வந்தவை. நான் பின்னால கிணத்தடியில நிண்டனான். இவள் வாசல் படலையடியில விளையாடிக்கொண்டு நிண்டவள். அப்பான்ர பேர் என்ன தங்கச்சி, எங்க நிக்கிறார் எண்டு பல்லைக் காட்டிக் கேட்டிருக்கினம். இவள் பேரையும் சொல்லி, அப்பா கடற்கரையில மீன்வாடிக்குள்ள கிழிஞ்ச வலை பொத்துறார் எண்டு கையையும் காட்டி விட்டவள். கெட்டிக்காரி எண்டு கன்னத்தில தட்டிப்போட்டுப் போனவையாம். நான் ஓடிப்போய்ப் பாக்கேக்க வலை கிடந்தது. அவர் இல்லை."

எந்தப் பக்கத்து ஆட்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அது கேட்கிற கேள்வி இல்லை. என் வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"அவளுக்கு இது தெரியாது ரீச்சர். தெரியவும் கூடாது. அப்பா கப்பலில வேலைக்குப் போனவர் எண்டுதான் சொல்லி வச்சிருக்கிறன். பேரை மட்டும் ஆர் கேட்டாலும் சொல்லாதை எண்டு படிப்பிச்சனான். ஒரு வருசமாப் படிப்பிச்சனான். இவள் வகுப்பில சொன்ன அண்டைக்குப் பின்னேரம் தண்ணி எடுக்கப் போறன், பக்கத்து வீட்டு மனுசி, அவரின்ர பேரைச் சொல்லி விசாரிக்குது. அதின்ர மகன் உங்கட வகுப்புத்தானே. நல்ல மனுசிதான், குறை சொல்ல ஏலாது. ஆனா இண்டைக்குக் கிணத்தடியில, நாளைக்குச் சந்தியில. முந்தியும் ரெண்டு தரம் அந்த ஆக்கள் எங்களைத் தேடிக்கொண்டு வந்தவை. இனி இங்க நிக்க ஏலாது."

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த ஊர்வாயைத் திறந்து வைத்தவள் நான். மன்னிப்புக் கேட்டேனா என்று பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கேட்கவில்லை. ரீச்சர்மாருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. "பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் எடுத்துத் தாறன்" என்றேன், பெரிய உபகாரம் செய்கிறவள் மாதிரி. அடுத்து எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள் என்று அதில் எழுத வேண்டும். "வேண்டாம் ரீச்சர்" என்று தாய் தலையை ஆட்டினார். பெட்டியைத் திறந்து, நாலாக மடித்திருந்த இந்தத் தாளை எடுத்து நீட்டினார். "இந்தாங்கோ, பள்ளிக்கூடத்துச் சாமான்" என்றார். அந்த ஓட்டையை அப்போதுதான் கண்டேன். அழிறப்பரால் எவ்வளவு நேரம் உரசியிருப்பார் என்று தெரியவில்லை. கணவனின் பெயர் அது.

புறப்பட்டபோது பிள்ளை படலையடியில் நின்றாள். "ரீச்சருக்குப் போயிட்டு வாறன் எண்டு சொல்லு" என்றார் தாய். சொன்னாள். நான் குனிந்து, பழக்கதோசத்தில் கேட்டுவிட்டேன்: "எங்க போறீங்கள் ராசாத்தி?"

அவள் தாயைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். ஆறு வயது. மூன்று நாளைக்கு முன் நான் கைதட்ட வைத்த பிள்ளை. சரியான விடையைத்தான் சொன்னாள் என்று எனக்குப் பட்டது. திரும்பிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது, துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அந்தப் பிள்ளை இப்போது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும் என்று எனக்குத் தெரியும். குறிப்பேட்டில் நான் எழுதி வைத்த 'கவனக் குறைவு' நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போனதும் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

அதன்பிறகு அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நானும் தேடவில்லை; தேடுவதே அவர்களுக்குத் தொந்தரவு என்று இருந்துவிட்டேன். அவள் உயிரோடு இருந்தால், இப்போது அவளுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கலாம். அந்தப் பிள்ளைகள் தங்கள் அம்மாவின் அப்பா பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறார்களா, கப்பலில் போனவர் என்றுதான் இன்னும் நினைக்கிறார்களா, எனக்குத் தெரியாது.

நாளைக்குக் கூட்டம். கலண்டர் தாளில் அந்த வரியையும் எழுதிவிட்டேன். இப்போது சண்டை இல்லை. பிள்ளைகள் தாய் தகப்பன் பெயரைக் கூச்சப்படாமல் சொல்லத்தான் வேண்டும். கூட்டம் முடிந்ததும், இளம் ரீச்சர்மாரைத் தனியாக இருத்தி ஒன்று சொல்லப் போகிறேன்: ஒரு பிள்ளை ஒன்றைச் சொல்லாவிட்டால், சிவப்புப் பேனையை எடுக்க முதல், அந்தத் தாயின் வீட்டில் போய்ப் பலகையில் கொஞ்ச நேரம் இருங்கள். அவர்கள் தலையாட்டுவார்கள். நாற்பது பிள்ளை, யாருக்கு நேரம்?

இன்று காலை பேரப்பிள்ளையின் அழிறப்பரை எடுத்து, தாளின் ஓரத்தில் இருக்கிற என்னுடைய குறிப்பை உரசிப் பார்த்தேன். 'வீட்டில் பயிற்சி போதாது.' கை நோகும்வரை உரசினேன். அந்தத் தாய் அழித்தது பென்சில் எழுத்து. என்னுடையது பேனை. போகவில்லை.