இரண்டு டப்பாவுக்கும் பொட்டு

போன மாதம் ஒரு காதுகுத்து விசேஷத்தில் என் மகள் கைபேசியை நீட்டி, "இடம் பத்தலைம்மா, பழைய வீடியோ ரெண்டை அழிச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். எது பழசு, எது புதுசு என்று சரியாகப் பார்த்தாயா, இன்னொரு தரம் பார், வேண்டாம், அழிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லிக்கொண்டே போனதில், அவள் கோபித்துக்கொண்டு கைபேசியைப் பையில் போட்டுவிட்டாள். காது குத்தியதை யாருமே எடுக்கவில்லை.

நான் அப்படித்தான். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். மூன்றாவது இழுப்பில் பூட்டு விட்டுக்கொண்டிருக்குமோ என்று நாலாவது தரமும் இழுப்பேன். எட்டாவதோடு நான் படிப்பை நிறுத்தியதற்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்லுவார்கள். ஒன்பதாவதுக்கு டவுன் பஸ்ஸில் போகவேண்டும், அந்த பஸ்ஸுக்கு பிரேக் பிடிக்குமா என்று நான் ராத்திரியெல்லாம் யோசித்ததுதான் நிஜமான காரணம். ஆனால் இந்த வீடியோ பயம் மட்டும் சும்மா வந்ததில்லை. அதற்கு எட்டு வயதிலேயே விதை விழுந்துவிட்டது.

என் மாமா, அம்மாவுடைய தம்பி, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் போர்வெல் ரிக் வண்டி வைத்திருந்தார். வண்டி ஊர் ஊராகப் போகும். பம்பாய்ப் பக்கம் ஒரு வருஷம் ஓட்டிவிட்டு வந்தபோது, பழைய சாமான் கடையில் வாங்கியதென்று ஒரு சினிமா கேமரா கொண்டுவந்தார். பாதிச் செங்கல் அளவுதான் இருக்கும், கனமும் அப்படித்தான். அதற்கு மின்சாரம் வேண்டாம், பாட்டரி வேண்டாம். பக்கத்தில் ஒரு சாவி. சுவர்க் கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோல் முறுக்கிவிட்டால் அரை நிமிஷம் 'கிர்ர்ர்' என்று ஓடும். கண்ணாடிக்கு மேலே ஒரு வளையம். அதில் முழுச் சூரியன், பாதிச் சூரியன், மேகம் என்று மூன்று படம் போட்டிருக்கும். வெயிலுக்குத் தக்கபடி திருப்பிக்கொள்ள வேண்டும். சத்தம் பதியாது, உருவம் மட்டும்தான்.

அதனுள்ளே போடும் ரீல்தான் பெரிய வித்தை. ஒரு ரீலை இரண்டு தரம் ஓட்டவேண்டும். முதலில் பிலிமின் ஒரு பாதி அகலத்தில் படம் விழும். ரீல் முடிந்ததும் கேமராவைத் திறந்து, அதைத் திருப்பிப் போட்டால் மறுபாதியில் விழும். பம்பாய்க்கு அனுப்பினால் அங்கே கழுவி, நடுவில் நீளவாக்கில் கிழித்து, இரண்டையும் ஒட்டி அனுப்புவார்கள். எல்லாம் சேர்ந்து நாலே நிமிஷம். "சீமெண்ணெய் மாதிரி சாமி இது, சொட்டுச் சொட்டாத்தான் செலவு பண்ணோணும்" என்பார் மாமா. எங்கள் பக்கத்தில் பிரியமானவர்களை 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். திருப்பிப் போடும்போது வெளிச்சம் பட்டால் போச்சு. அதனால் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு கையால் தடவித் தடவி மாட்டுவார். கம்பளி ஓரத்தைத் தரையோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது என் வேலை. மாமாவுக்கு உள்ளே மூச்சு முட்டிவிடுமோ என்று நான் அடிக்கடி கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அவரிடம் இரண்டே ரீல்கள் இருந்தன. இரண்டும் ஒரே மாதிரித் தகர டப்பாவில். புது ரீலின் மேல் காகிதப் பட்டை இருக்குமாம். ஆனால் பேரிங் வாங்கினாலும் கடையிலேயே பிரித்துப் பார்க்கிறவர் மாமா. இரண்டு பட்டையையும் கடை வாசலிலேயே பிய்த்துவிட்டார். ஒரு ரீலைத் தம்மம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் போர் போட்டபோது எடுத்து முடித்துவிட்டார். இன்னொன்று சித்தி கல்யாணத்துக்கு. சித்தி என்றால் அம்மாவுக்கும் மாமாவுக்கும் தங்கை. இரண்டையும் சேர்த்தே பம்பாய்க்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று மாமா சொல்லிவிட்டார்.

தம்மம்பட்டியிலிருந்து திரும்பிய அன்றைக்கு, எடுத்து முடித்த டப்பாவின் மூடியில் மாமா குங்குமப் பொட்டு வைத்தார்.

"டப்பாவுக்கு எதுக்குங் மாமா பொட்டு?" என்று கேட்டேன்.

"இருக்கட்டுமுன்னு வெச்சேன் சாமி" என்றார்.

அடுத்து ஆயுத பூஜை வந்தது.

ரிக் வைத்திருப்பவர்கள் வீட்டு ஆயுத பூஜை என்றால் சாமான்ய விஷயமில்லை. வண்டி, கம்ப்ரசர், துளையில் இறக்கும் ராடு, பாறை குடையும் பிட்டு, ஸ்பேனர் என்று ஷெட்டில் கிடக்கும் அத்தனை இரும்புக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கவேண்டும். அந்த வருஷம் சின்னச் சாமான்களுக்கு வைக்கிற வேலை எனக்கு வந்தது. எதையாவது விட்டுவிட்டால் அது கோபித்துக்கொண்டு ரிப்பேராகிவிடும் என்று நான் நம்பினேன். ஆகவே அரிவாள்மணைக்கு வைத்தேன். சைக்கிள் பம்புக்கு, தராசுக்கு, எங்கள் அப்புச்சியின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு வைத்தேன். அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. அவர் மட்டும் கொஞ்சம் அசந்திருந்தால் பல்செட்டுக்கும் வைத்திருப்பேன். கேமராவும் இரண்டு டப்பாக்களும் சாமி படத்துக்கு முன்னால் இருந்தன. ஒரு டப்பாவுக்குப் பொட்டு இருந்தது, ஒன்று வெறுமனே இருந்தது. பாவம் என்று அதற்கும் வைத்தேன். பழைய பொட்டு மங்கியிருந்ததால் அதன்மேலும் புதுசாக வைத்தேன்.

ஐப்பசியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஒரிசாவில் வேலை. சித்தி ரொம்ப தூரம் போகப்போகிறாள். "இந்தப் படம் இருந்தா நீயெல்லாம் என்ற மூஞ்சிய மறக்க மாட்டே இல்ல கண்ணு?" என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டாள். கல்யாணத்தன்று காலையில் மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"அம்மிணி, பொட்டியில ரெண்டு டப்பா இருக்குது பாரு. பொட்டு வெச்சது எடுத்து முடிச்சது, அது வேண்டாம். பொட்டு இல்லாததை எடுத்தா, ஓடு."

ஓடினேன். பெட்டியைத் திறந்தேன். இரண்டு டப்பாவும் மங்களகரமாக என்னைப் பார்த்தன.

இரண்டையும் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். மோந்து பார்த்தேன். படம் எடுத்ததில் இத்தனை ஆளும் வண்டியும் இருப்பதால் அது கனமாக இருக்கவேண்டும் என்று கையில் நிறுத்துப் பார்த்தேன். வலது கை டப்பா கனமாக இருந்தது. மாற்றிப் பிடித்தேன். அப்போதும் வலது கைதான் கனமாக இருந்தது. வெளியே மேளம் கொட்டிக்கொண்டிருந்தது, "ஏ அம்மிணி, எத்தன நேரம்?" என்று மாமா கத்தினார். நான் மாரியம்மனை நினைத்து ஒன்றை எடுத்தேன். எடுத்ததோடு நிற்கவில்லை. பாவாடை நுனியில் எச்சில் தொட்டு அந்த மூடியைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாமா கம்பளிக்குள் போய் ரீலை மாட்டினார். வெளிச்சம் பத்தாது என்று பந்தலின் கிழக்குப் பக்கத்துத் துணியை அவிழ்க்கச் சொன்னார். தாலி கட்டும் நேரத்தில் பாதிச் சொந்தம் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது. பந்தி நடக்கும்போது மறுபடியும் கம்பளிக்குள் போனார். "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்திருக்கறப்ப கம்பளியப் போத்திக்கிட்டு, குளிர் காய்ச்சலா சாமி?" என்று பெரியம்மா கேட்டாள். பெரியம்மா என்றால் அம்மாவுக்கும் மாமாவுக்கும் பெரியம்மா, வீட்டுக்கே மூத்தவள்; நாங்களும் அப்படியே கூப்பிடுவோம். அவள் கேள்விக்கு யாரும் தப்பியதில்லை. நான் கம்பளி ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் மாமா வெளியே வந்துவிட்டார்.

இரண்டு டப்பாவும் பம்பாய் போயின. தை மாதம் வரைக்கும் நான் சாப்பிட்ட சோறு உடம்பில் ஒட்டவில்லை. மாரியம்மனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். பிறகு பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாதி மொட்டை என்று மாற்றிக்கொண்டேன். பாதி மொட்டையை அம்மன் அவமரியாதையாக எடுத்துக்கொள்வாளோ என்று பயந்து தேங்காய்க்கு இறங்கினேன்.

படம் வந்தது. இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்த அப்பாவின் சிநேகிதர் ஒருவர் படம் காட்டும் மிஷின் வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்தார்கள். ரிக் ஷெட்டின் கதவைச் சாத்தி, சந்துகளில் சாக்கைத் திணித்து, அப்புச்சியின் எட்டு முழ வேட்டியைச் சுவரில் கட்டிப் பகல் பதினொரு மணிக்கு இருட்டாக்கினார்கள். தை விருந்துக்குச் சித்தியும் சித்தப்பாவும் வந்திருந்தார்கள். நான் கம்ப்ரசருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் ரீல் ஓடியது. கறுப்பு. நாலு நிமிஷமும் கறுப்பு.

"அமாவாசையப் படம் புடிச்சிருக்கயே மாப்ளே" என்றார் அப்பா, மாமாவைப் பார்த்து. எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அதுதான் புது ரீல். படமே எடுக்காத, வெளிச்சம் படாத ரீல் கழுவினால் கறுப்பாகத்தான் வரும்.

இரண்டாவது ஓடியது. சித்தி மாலையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் உச்சந்தலை வழியாக ரிக்கின் ராடு மெதுவாகக் கீழே இறங்கியது. புரோகிதர் தலைக்கு மேல் கல்தூள் வெள்ளை வெள்ளையாகப் பறந்தது. மாப்பிள்ளை வீட்டார் நடுவே எங்கள் டிரைவர் பனியனோடு ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு நடந்து போனார். மாப்பிள்ளை தாலியை எடுத்தார், குனிந்தார், முடிச்சுப் போட்டார். அதே நொடியில் இருவர் முதுகுக்கும் பின்னாலிருந்து தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீச்சியடித்தது.

"அட என்ற மாரியாத்தா!" என்றார் அப்புச்சி. "தாலி கட்டயில கங்கையே வந்துட்டாளே!"

சித்தப்பா கைதட்டினார். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான்தான் எழுந்து ஓவென்று அழுதேன். ரெண்டு டப்பாவுக்கும் நான்தானுங் மாமா பொட்டு வெச்சேன், துடைச்சதும் நான்தானுங்க, என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். என் வாழ்க்கையின் முதல் வாக்குமூலம் அது. ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏனென்றால், அதற்குள் ரீலின் இரண்டாம் பாதி வந்திருந்தது. பந்தி நடந்துகொண்டிருந்தது. இலைகளுக்கு மேலே, சாம்பாருக்கும் பொரியலுக்கும் ஊடாக, ஒரு பெண் குடத்தோடு நடந்து வந்தாள். பீச்சுகிற தண்ணீரில் குடத்தைப் பிடித்தாள். நனைந்துபோய் முகத்தைத் துடைத்தாள். எடுக்காதீர்கள் என்று கையை ஆட்டினாள். பிறகு கையை இறக்கிவிட்டு நேராக எங்களைப் பார்த்துச் சிரித்தாள். சித்தி அழுதுகொண்டே வண்டியேறும் வரைக்கும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அந்தப் புள்ள யாரு சாமி?" என்றாள் பெரியம்மா.

"தோட்டத்துக்காரர் பொண்ணுங்க பெரிம்மா. தண்ணி எப்படி வருதுன்னு எடுத்தனுங்க."

"தண்ணி ஓரத்துலயல்ல வருது. புள்ளதான நடுவுல நிக்குது?"

மாமா மிஷினுக்குப் பின்னால் குனிந்து ஏதோ திருகாணியைத் தேடினார். அதுவரைக்கும் வந்த ஏழெட்டு ஜாதகத்தையும் தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்று தட்டிக்கழித்தவர் அவர்.

"மறுக்காப் போடு" என்றார் அப்புச்சி. மறுபடியும் போட்டார்கள். முடிந்ததும் அப்புச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்: "எத்தன அடியில தண்ணி வந்துச்சு?"

"எரநூத்திப் பத்துங்கப்பா."

"நல்ல தண்ணியா?"

"நல்ல தண்ணிங்க."

"எதுக்கும் நானு ஒருக்காப் போயிக் குடிச்சுப் பாத்துட்டு வாரேன்" என்றார் அப்புச்சி.

அடுத்த வாரம் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். எங்கள் ஊரில் இல்லாத தண்ணீரா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். வைகாசியில் அந்தப் பெண் எங்களுக்கு அத்தையாக வந்து சேர்ந்தாள். எங்கள் பேச்சில் எதற்கெடுத்தாலும் 'ங்க' ஒட்டிக்கொண்டு வருவதைக் கேட்டு முதல் ஒரு மாதம் சிரித்துக்கொண்டே இருந்தாள். வேட்டியில் பார்த்த அதே சிரிப்புதான்.

மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றைக்கே என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, இனிமேல் சாவி முறுக்குகிற வேலை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். உண்மையை ஒத்துக்கொண்டதால் மன்னித்துவிட்டார் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மனுக்கு ஒன்றுக்கு இரண்டாகத் தேங்காய் உடைத்தேன்.

மாமா டப்பாவுக்குப் பொட்டு வைத்த அந்த ஷெட்டில் கரும்பலகைச் சாக்கட்டி இருந்தது. ராடுக்கு நம்பர் எழுதுகிற சிவப்புப் பெயின்ட் இருந்தது. மாமாவின் காதிலேயே எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். தொட்டால் அழிந்துபோகிற குங்குமத்தை வைத்தா அடையாளம் போடுவார்கள் என்று மாமாவைக் கொஞ்சம் விவரம் போதாதவராகக்கூட நினைத்தேன். அத்தனையும் கையெட்டும் தூரத்தில் இருக்க, மாமா ஏன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாமி படம் வரைக்கும் நடந்துபோனார், மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு எடுத்துவந்து, அந்த டப்பாவை இடது கையில் ஏந்தி, அத்தனை நிதானமாக ஏன் வைத்தார் என்று, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தோன்றவே இல்லை.